பிடுங்கிய வயர்

சோதனைக்கூட மேசையில் இரண்டு கட்டில் நோயாளிகளைக் கண்காணிக்கும் கருவி ஓடிக்கொண்டிருக்கிறது. மதிய வெயில் பட்டு, திரையின் இரண்டு பச்சை நாடிக் கோடுகளும் வெளிறிக் கிடக்கின்றன. கட்டிலுக்கு ஒன்றாக இரண்டு நிரல்கள். ஒரே செயலி இரண்டையும் மாறி மாறிக் கவனிக்கிறது. இரண்டும் சொல்வது ஒரே முகவரியைத்தான். ஆனால் நினைவகத்தில் அது ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு இடம்; எந்த இடம் என்று செயலி தனக்குள் குறித்துக்கொள்ளும். அடுத்த நிரலுக்குத் தாவும்போது அந்தக் குறிப்பைத் துடைத்தாக வேண்டும்; இல்லையென்றால் முந்தைய நிரலின் இடத்தையே படிக்கும். துடைத்தால் வேகம் குறைகிறது என்று, துடைக்கச் சொல்லும் கட்டளை வரியை நீக்கியவள், இதோ, கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். கருவி வேகமாகிவிட்டதென்று அன்று அலுவலகத்தில் அவளைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள்.

"ரெண்டாவது கட்டில் வயரைப் பிடுங்கறேன் மேடம், பாத்துக்குங்க," என்கிறார் சோதனைப் பொறியாளர். பிடுங்குகிறார். விரலில் மாட்டும் கிளிப் அவர் கையில் தொங்குகிறது. இரண்டாவது கோடு படுக்கவில்லை. முதல் கட்டிலின் நாடியே அதிலும் ஏறி இறங்குகிறது. பீப், பீப் என்ற சத்தமும் நிற்கவில்லை.

"அந்த ஆஸ்பத்திரி நர்ஸம்மா போன்ல இதைத்தான் சொன்னாங்க. ரெண்டாவது கட்டில் பெரியவர் கை சில்லுன்னு ஆயிடுச்சு, மெஷின் மட்டும் நல்லா இருக்காருன்னு காட்டுதுன்னு." அவர் அவள் முகத்தைப் பார்க்காமலே தொடர்கிறார். "நீங்ககூட அவங்ககிட்ட, வயரைச் சரியா மாட்டிப் பாருங்கன்னீங்க."

"சவுண்டையாவது நிறுத்துங்களேன்," என்கிறாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. அந்தக் கிளிப்பை வாங்கி உள்ளங்கைக்குள் மூடிக்கொள்கிறாள். சில்லென்றிருக்கிறது. திரையில் நாடி சீராகத் துடிக்கிறது.