பொட்டுவின் மணல் தட்டு

பொட்டுவின் மணல் தட்டைக் காலி செய்யக் குளியலறையில் உட்கார்ந்திருந்தேன்.

பூனை வேறு வீட்டுக்குப் போனால் அது ஒன்றுக்கு, இரண்டுக்குப் போகும் பழைய மணல் தட்டும் கூடவே போக வேண்டும். தட்டைக் கழுவக் கூடாது. பழைய மணலிலும் இரண்டு கை அள்ளிப் பையில் கட்டிக் கொடுக்க வேண்டும். வாசனைதான் பூனைக்கு முகவரி.

நாத்தனார் வண்டியோடு கிளம்பிவிட்டாராம். வாசலில் கூடை தயாராக இருந்தது. உள்ளே பொட்டு, கத்தக்கூடச் செய்யாமல்.

கல்யாணத்துக்கு முன்பே என் கணவரிடம் ஒரு பூனை இருந்தது, என்னிடம் ஒன்று. அவருடையது ஜமீன், நடையே அப்படி. என்னுடையது நெற்றியில் கறுப்புப் பொட்டு வைத்த வெள்ளைக்காரி.

இரண்டையும் ஒரே வீட்டில் விட்டதும் பொட்டு கட்டிலை நனைக்க ஆரம்பித்தாள். அதுவும் சரியாக அவர் படுக்கும் பக்கம்.

“பழி வாங்குறா உன் பொண்ணு,” என்றார்.

பூனைக்குப் பழி வாங்கத் தெரியாது. நான் தையல் மெஷின் பழுது பார்ப்பவள். நூல் அறுந்தால் மெஷினுக்குக் கோபம் என்று யாரும் சொல்வதில்லை. ஊசியைப் பார்ப்போம், நூல் வருகிற வழியைப் பார்ப்போம்.

இங்கேயும் வழியில்தான் கோளாறு.

இருவருக்கும் ஒரே தட்டு, நடைவழியின் கோடியில். ஜமீன் அந்த நடைவழிக்கு நடுவில் படுத்துக் காலை நக்கிக்கொண்டிருப்பான். சீற மாட்டான், அடிக்க மாட்டான். சும்மா படுத்திருப்பான், அவ்வளவுதான். பூனைச் சண்டை பெரும்பாலும் அப்படித்தான். பார்க்கிறவர்களுக்கு அது ஓய்வு போலத் தெரியும்.

இரண்டு பூனைக்கு மூன்று தட்டு என்பார்கள். எங்கள் வீட்டு அளவுக்கு இரண்டுதான் முடிந்தது. பொட்டுவின் தட்டைப் பின்னறையில் வைத்தேன். அந்த அறைக்கு இரண்டு கதவு. ஒன்றை ஜமீன் மறித்தால் இன்னொன்றில் நழுவிவிடலாம். தட்டின் மூடியையும் கழற்றினேன். உட்காரும்போது பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரிய வேண்டாமா? நமக்கே வேண்டியிருக்கிறதே.

இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் அவருக்கு விளக்குவேன். அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டே கேட்பார். தோல் எங்கும் அறுபடாமல் ஒரே சுருளாக இறங்கும். அந்தக் கைவேலையை நாள் முழுக்கப் பார்க்கலாம். நான் மூச்சு வாங்க நிறுத்தினால், “அப்புறம்?” என்பார்.

என் அம்மாகூட என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. கல்யாணத்துக்கு முன்பே அவர் கேட்ட அந்த ஒரு ‘அப்புறம்’ மேல் நம்பிக்கை வைத்துத்தான் கழுத்தை நீட்டினேன்.

கட்டில் காய்ந்தது. இரண்டும் ஒரே ஜன்னல் வெயிலில் தூங்கின. பொட்டு பழையபடி எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து படுத்தாள்.

“என் இடத்துக்குப் பட்டா வாங்கிட்டா,” என்று சிரித்தார்.

கடையில் எனக்கு வேலை கூடியபோது, தட்டு அள்ளுகிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார். “நீ இடுப்பை ஒடிச்சுக்காத மெக்கானிக்கம்மா, நான் பாத்துக்கறேன்.” தோழிகளிடம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

பிறகு கட்டில் மறுபடியும் நனைந்தது.

பொட்டுவின் உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்றார் டாக்டர். ஜமீனும் வழி மறிக்கவில்லை. பொட்டு தட்டு வரை போவாள். ஒரு முன்காலை உள்ளே வைப்பாள். சுட்டது போல உதறி எடுத்துத் திரும்பிவிடுவாள்.

மண்டியிட்டு முகர்ந்துகூடப் பார்த்தேன். நாளெல்லாம் மெஷின் எண்ணெயில் ஊறிய மூக்கு. எண்ணெய் வாடைதான் தெரிந்தது. மணலை மாற்றச் சொன்னேன். மாற்றினேன் என்றார்.

மெத்தையைத் தூக்கி எறிய வேண்டிவந்த அன்று என் கண்ணைத் துடைத்தவரும் அவர்தான். “உன்னால முடிஞ்சதெல்லாம் செஞ்சுட்ட. அக்கா வீட்ல பெரிய தோட்டம் இருக்கு. அனுப்பிடுவோம்மா.”

தலையாட்டினேன். நான் கைவிட்ட முதல் பழுது அது.

இன்று கடைக்குப் போகவில்லை. மூக்கில் எண்ணெய் இல்லை. மணலை அள்ள அள்ள அந்த வாசனை மேலே ஏறி வந்தது.

தட்டின் அடியில் ஓர் ஆரஞ்சுத் தோல், காய்ந்து பழுப்பேறி. பக்கத்திலேயே இன்னொன்று, நேற்றையது போல ஈரம் மாறாமல்.

இரண்டும் எங்கும் அறுபடாத சுருள்கள்.

தட்டு வேலையை எடுத்துக்கொண்ட அதே வாரம்தான், ஜமீன் சோபாவைப் பிறாண்டுகிறான் என்று குறைபட்டார். பூனைக்குச் சுத்தமாக ஆகாத வாசனை எது என்று கேட்டார். எனக்கு எவ்வளவு சந்தோஷம்! பூனையின் மூக்கு எப்படி வேலை செய்கிறது, ஆரஞ்சுத் தோலில் இருக்கும் எண்ணெய் எதில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும், எவ்வளவு போட்டால் போதும்... என் தட்டில் சோறு ஆறிப்போகும்வரை சொன்னேன்.

அவர் “அப்புறம்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

எழுந்து வெளியே வந்தேன். அவர் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். எதிரே இன்றைய தோல், ஒரே சுருளாக.

“இந்தா, ஒரு சுளையாவது தின்னு. காலையிலேர்ந்து பட்டினி.”

மணல் ஒட்டிய சுருளை அதன் பக்கத்தில் வைத்தேன்.

சுளையை நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

கீழே நாத்தனாரின் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. வாசலுக்குப் போய்க் கூடையின் கொக்கியைத் திறந்துவிட்டேன். பொட்டு தலையை மட்டும் நீட்டிப் பார்த்தாள்.

திரும்பி வந்து, அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

“அப்புறம்?” என்றேன்.