பிரிக்காத பாக்கெட்டுகள்

"இது யாருதுடி?"

சுங்குவார்சத்திரத்தில் லேடீஸ் ஹாஸ்டல் நடத்தும் செங்கமலம், பொது ஃப்ரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டாள். கையில் சின்னச் சின்ன மருந்துப்பொடிப் பாக்கெட்டுகள்.

"எனக்குள்ளது ஆன்ட்டி," என்றாள் இசக்கிசெல்வி. ஷிஃப்ட் முடிந்து வந்தவள் யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. "காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் குடுத்தாவ. கூடவே வயித்துக்கு இது. நல்ல பாக்டீரியாவாம்."

"அதுல நல்லது வேற கீதா? சரி, வாங்கி ஒரு வாரமாவுது. ஒண்ணுகூட பிரிக்கல. வயிறு சரியில்லன்னு சோறும் வேணான்ற. இன்னா விஷயம்?"

இசக்கிசெல்வி பாக்கெட்டுகளை வாங்கக் கை நீட்டினாள்; செங்கமலம் கொடுக்கவில்லை.

"தெனம் பாத்ரூம்ல குழாயத் தொறந்து வுட்டுகினு அவ்ளோ நேரம் இன்னா பண்ற?"

இசக்கிசெல்வி துப்பட்டாவை இழுத்து மார்பை மூடினாள். அதற்குள் செங்கமலம் அந்த ஈரத்தைப் பார்த்துவிட்டாள்.

"புள்ள எங்க?"

"சங்கரன்கோவில்ல, அம்மாட்ட. அஞ்சு மாசம்."

"வாசல்ல போர்டு படிச்சியா?"

படித்திருந்தாள். 'திருமணம் ஆகாத பெண்களுக்கு மட்டும்.' பலகைகள் பொய் சொல்வதில்லை. அவற்றைத் தாண்டி உள்ளே வருகிறவர்கள்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு ரூம்மேட் முத்துச்செல்வி துணைக்கு வந்ததால் அங்கேயும் அதே பொய். காய்ச்சலுக்கு வேறு வழியில்லாமல் மாத்திரையை விழுங்கிவிட்டாள். ஆனால் பாக்கெட்டில் இருப்பது உயிருள்ள கிருமி என்று டாக்டர் சொன்னதும் பயந்துவிட்டாள். பால் கொடுக்கிறவள் சாப்பிடலாமா என்று யாரைக் கேட்பது? இப்போது செங்கமலத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"கீழ ஊத்துற பாலுக்கு இன்னாத்துக்கு பயம்?"

"பொங்கல் லீவுக்குப் போவேன் ஆன்ட்டி. அதுவரைக்கும் வத்திரக் கூடாதுனுதான் பீச்சிப் பீச்சி ஊத்துதேன். கீழ ஊத்துனாலும் அது அவளுக்குள்ள பாலுதான?"

செங்கமலம் ஃப்ரிட்ஜை அடித்துச் சாத்தினாள்.

"பொய் சொல்லி பெட் வாங்கிக்கிற. உன்ன வுட்டா நாளைக்கு அல்லாரும் தொட்டிலத் தூக்கிகினு வருவாளுங்க. நாளைக்கு மதியம் பேசிக்கிறேன்."

பாக்கெட்டுகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலையிலேயே இசக்கிசெல்வி பையைக் கட்டிவிட்டாள். தனியாக ரூம் எடுத்தால் சம்பளம் அதற்கே சரியாகிவிடும். ஊரில் குழந்தைக்குப் பால் டின் வாங்க மிஞ்சாது. வேலையை விட்டாலும் டின் இல்லை.

மதியச் சாப்பாட்டு வரிசையில் முத்துச்செல்வி காதருகே வந்து சிரித்தாள்.

"ஏட்டி, சங்கதி தெரியுமா? ஆன்ட்டி மெடிக்கல் ஷாப்புக்குப் போயி, பால் குடுக்குறவ ஏதோ மருந்துப் பொடிய சாப்புடலாமான்னு கேட்டிருக்காவ. பயமில்ல, சாப்புடலாம், ஆனா யாருக்குன்னு கேட்டிருக்காரு கடைக்காரர். 'எனக்குத்தான்'னு சொல்லிட்டாவளாம். இந்த வயசுல! கடையே சிரிச்சிருக்கு."

இசக்கிசெல்வி சிரிக்கவில்லை. வரிசை நகர்ந்தது.

வழக்கமான சாம்பாரைக் காணோம். சட்டி நிறையப் பூண்டுக் குழம்பு. பக்கத்தில் ஆவி பறக்கும் சுறா புட்டு. வருகிற ஒவ்வொருத்தியின் தட்டிலும் செங்கமலமே அள்ளி அள்ளி வைத்தாள்.

"என்ன ஆன்ட்டி இது?" முத்துச்செல்வி முகம் சுளித்தாள். "பூண்டும் சுறாவும் பால் ஊறுதுக்குல்லா குடுப்பாவ? நாங்கல்லாம் என்ன புள்ள பெத்தவளுவளா?"

செங்கமலம் இசக்கிசெல்வியின் தட்டிலும் அதே அளவுதான் வைத்தாள். அவள் முகத்தைப் பார்க்கவேயில்லை.

"இந்த வூட்ல ஒருத்திக்குன்னு தனியா ஆக்கற பழக்கம் கெடையாது. கம்முனு துன்னு."