கல் பறவைகள் தூங்கும் அத்தியாயம்

ஐந்து மணிக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

மாடிப்படிக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று வாரமாக அதுதான் என் இடம். மாடியறைச் சாவி என் இடுப்பில்.

அறைக்குள் என் கடைசி மகள். வெளியே, பூட்டிய கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, மூத்த மகனுடைய பெண் அவளுக்குக் கதை படித்துக்கொண்டிருந்தாள். பத்து வயது. வாயாடி.

மகளின் போனைப் பிடுங்கியாயிற்று. சன்னலுக்குப் பலகை அடித்தாயிற்று. பத்திரிகை எதுவும் உள்ளே போகாது. சிறுவர் கதை மட்டும் படிக்கலாம் என்றேன். அதில் காதல் கத்தரிக்காய் கிடையாது. இருந்தாலும் அட்டை முதல் அட்டை வரை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

கதையில், ஆடு மேய்க்கும் பெண் ஒருத்தி, கல் பறவைகள் காவல் காக்கும் குகையைக் கடந்தாக வேண்டும். அவள் பாடிக்கொண்டே போகும்வரை பறவைகள் தூங்கும். பாட்டு நின்றால் கண் திறக்கும்.

இந்த வயதில் எனக்கு எதற்கு இதெல்லாம். ஆனால் நேற்று அத்தியாயம் முடியும்போது அந்தப் பெண்ணுக்குத் தொண்டை கட்டத் தொடங்கியிருந்தது. சாப்பிடும்போதுகூட எனக்கு அதே நினைப்பு. யாரிடமும் சொல்லவில்லை.

நான்கு தலைமுறையாக எங்கள் குடும்பம் தலைகுனிந்ததில்லை. ஒரே ஒரு பொய் சொன்னதற்காக என் தம்பியை அப்பா கடைசிவரை வாசல்படி மிதிக்க விடவில்லை. அப்படிப்பட்ட குடும்பத்தில், என் முகத்துக்கு நேரே நின்று, தான் விரும்பியவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள் மகள்.

"நான் பாத்துக்கறேம்பா" என்றான் மூத்தவன்.

ஐந்து மணிக்குக் காரோடு வருகிறான். பின்னிருக்கையைக் கழற்றிவிட்டதாகக் காலையில் சொன்னான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

மேலே குரல் சீராக வந்துகொண்டிருந்தது. ஆட்டுக்காரப் பெண் குகை வாசலுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். பாடத் தொடங்கினாள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இது நேற்றுப் படித்தது.

பேத்தி ஒரு வரியைக்கூட இரண்டாம் முறை படிக்கிறவள் அல்ல. முந்தாநாள், காதில் சரியாக விழாத ஒரு இடத்தைத் திரும்பப் படிக்கச் சொன்னதற்கு, "அத்தை எவ்ளோ சமத்தா கேக்கறாங்க, நீங்கதான் தூங்கறீங்க தாத்தா" என்று மாடியிலிருந்தே என்னை அதட்டினாள்.

எழுந்து படியேறினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். படிப்பதை நிறுத்தவில்லை. குரல் கம்மியிருந்தது. எவ்வளவு நேரமாகப் படிக்கிறாளோ.

அந்தக் கதவின் அடியில் எப்போதும் இருட்டாகத்தான் இருக்கும். இன்று ஒரு கோடு வெயில் வெளியே வந்து அவள் கால் விரல்களில் விழுந்திருந்தது.

பலகை அடித்த அறைக்குள் வெயில் வர வேண்டுமென்றால் கூரை வழியாகத்தான் வர வேண்டும்.

புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரு கோட்டையின் வரைபடம் உண்டு. போன வாரம் பேத்தி அதை என்னிடம் கொண்டுவந்து காட்டி, "கோட்டைன்னா ரகசிய வழி இருக்கணும். நம்ம வீட்ல அதெல்லாம் இல்ல, பாவம்" என்றாள்.

பாவமாம். முப்பத்தாறு வருடம் ஊர் ஊராக நிலம் அளந்தவன் நான். இந்த வீட்டைக் கூடவே நின்று கட்டியவன்.

தாளை எடுத்தேன். அளவு போட்டு, வடக்குக் குறித்து, வரைந்து கொடுத்தேன். மாடியறைப் பரணுக்கு மேலே, ஓடு மாற்ற ஆள் ஏறுவதற்காக நான் வைத்த பலகைக் கதவு. என் பிள்ளைகளுக்கே அது தெரியாது. அங்கிருந்து கூரைச் சரிவு, தண்ணீர்த் தொட்டி, பின்சந்து. தொட்டியிலிருந்து சந்துக்கு ஏழரை அடி என்பதுவரை எழுதினேன். என் வரைபடத்தில் ஒன்று விட்டுப்போயிற்று என்று எந்த மேலதிகாரியும் சொன்னதில்லை.

அந்தத் தாள் புத்தகத்துக்குள்தான் இருக்கும். குனிந்து, அவள் மடியிலிருந்த புத்தகத்தின் முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

இல்லை.

வாசலில் கார் வந்து நின்றது. பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டான்.

பேத்தி வரிமேல் விரலை அழுத்தி வைத்தாள். குரல் ஒரு கணம் அறுந்து, மறுபடி பிடித்துக்கொண்டது.

நான் இறங்கி வந்தேன். நாற்காலியைப் பழையபடி படிக்குக் குறுக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

மூத்தவன் செருப்போடு கூடத்துக்குள் வந்தான். கையில் ஒரு தார்ப்பாய். புதியது, மடிப்புக் கலையாதது.

"உள்ளதானப்பா இருக்கா?"

"கதை கேட்டுக்கிட்டு இருக்கா" என்றேன். "அத்தியாயம் முடியட்டும். உக்காரு."

அவன் மாடியை அண்ணாந்து பார்த்தான். பிறகு உட்கார்ந்தான். இந்த வீட்டில் என் சொல்லைச் சந்தேகப்பட்டவர்கள் கிடையாது.

மேலே ஒரு பக்கம் திரும்பியது. அடுத்த வரி எனக்குப் புதிது.