எட்டாம் நம்பர் வீட்டுக்கு ஸ்பீடு போஸ்ட்

மேனாம்பேடு அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்துக்கு வந்தவர்கள் மூவர். தலைவர் தங்கவேல் நாற்காலியில், பொருளாளர் ரேகா தண்ணீர் மோட்டார் மேடையில், செயலாளர் மணவாளன் தப்பி ஓட வசதியாக வாசல் கேட் ஓரம்.

“எட்டாம் நம்பர் ஊடு ஆறு மாசமா மெயின்டனன்ஸ் தரல. இன்னிக்குக் கேக்கலன்னா பதவியை வுட்டுடு, அண்ணாத்தே,” என்றார் தங்கவேல்.

“சமையக்கட்டு ஒழுகறதைச் சரிபண்ணாம கேட்டா, அந்தம்மா கரண்டியைத் தூக்கும். கடுதாசி போட்டுடறேன்,” என்றார் மணவாளன்.

“ஒரே கட்டடத்துக்குள்ள தபாலா?” ரேகா சிரித்தாள்.

தபால் நிலையத்தில், ‘திருமதி பொன்னம்மாள், எட்டாம் நம்பர்’ என்று எழுதிய உறையைப் பசைபோட்டு ஒட்டி நீட்டினார் மணவாளன்.

“அனுப்புறவர் விலாசம்?” என்றார் ஊழியர்.

“அதே எட்டாம் நம்பர்தான். ஊடு சம்சாரம் பேர்ல கீது,” என்றார் மணவாளன், குரலைத் தாழ்த்தி. “தபால்காரரை நான் ஆபீஸ் போனப்புறம் வரச்சொல்லுங்க, சார்.”

முத்திரை விழுந்து, கடிதம் கிளம்பியது.