பன்னிரண்டு நிமிஷத் தாமதம்

"மிஷின்ல ஒரு கோளாறும் இல்லைன்னு இன்ஜினீயர் எழுதிக் கொடுத்துட்டார், லிசெட். அப்ப நேத்து ஆபரேஷன் தியேட்டர்ல நீங்க சொன்னது பொய்தானே?"

எக்ஸ்-ரே பிரிவின் தலைவி ஐரீன் காகிதத்தைத் திருப்பி வைத்தாள். எதிரே நின்ற டெக்னீஷியன் லிசெட் அதைப் படிக்கவில்லை.

"சக்கரம் இறுகின மாதிரி இருந்தது."

"மாதிரியா? சட்பரியிலேர்ந்து வாரத்துல ஒரு நாள் ஆபரேஷன் பண்ண வர்றவர் டாக்டர் டேட். என்ன எழுதியிருக்கார் பாருங்க. எக்ஸ்-ரே மிஷினோட இரும்புக் கையைத் தலைமாட்டுப் பக்கமா சுத்திக் கொண்டு வரச் சொன்னாராம். நீங்க பாதியில நிறுத்தி, வெளியே இழுத்துட்டு, பன்னிரண்டு நிமிஷம் மேசைக்குப் பக்கத்துல குனிஞ்சு எதையோ நோண்டிக்கிட்டிருந்தீங்களாம். அப்புறம் எதிர்ப்பக்கம் போய் அங்குலம் அங்குலமா நுழைச்சீங்களாம்."

"அவசரமாத் திருப்பினா ஆள் மேல இடிக்கும், ஐரீன்."

"பதினெட்டு வருஷமா திருப்புறீங்க. ஒரு நாள்கூட இடிச்சதில்லையே."

லிசெட் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பி நேராக்கினாள்.

"படுத்திருந்தது யாருன்னு உங்களுக்குத் தெரியும். எங்க அப்பா. சுரங்கத் தூசியில நுரையீரல் கெட்டவர், முழு மயக்கம் தாங்காதுன்னு தோளை மட்டும் மரத்துப்போக வச்சிருந்தாங்க. எழுபத்தெட்டு வயசுல, முழிச்சுக்கிட்டே அத்தனை நேரம் காத்துக் கிடந்திருக்கார்." ஐரீன் பேனாவை நீட்டினாள். "இது எழுத்துல எச்சரிக்கை. சீனியர் பதவிக்கு இந்தத் தடவை உங்க பேர் போகாது. ஏதாவது சொல்லணுமா?"

"இல்ல."

கையெழுத்துப் போட்டுவிட்டு வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"அப்பா சாப்பிட்டாரா?"

"உங்க அக்கறைக்கு நன்றி," என்றாள் ஐரீன், நிமிராமல்.

மதியம் ஐரீன் வார்டுக்குப் போனாள். அப்பா ரெய்னோ தோளில் கட்டோடு, இடக் கையால் பட்டாணி சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

"நேத்து உங்களைக் காக்க வச்சாங்களே, அந்த லிசெட்டுக்கு எச்சரிக்கை கொடுத்துட்டேன்பா. மிஷின் ரிப்பேர்னு பொய் சொல்லியிருக்காங்க. ஏன்னு கேட்டா வாயே திறக்கல."

கரண்டி நின்றது. அவர் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு வண்டி பனியை வாரிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தார்.

"சுரங்கத்துல பாறை சரிஞ்சு பதினோரு மணி நேரம் மாட்டிக்கிட்டப்ப நல்லாத் தூங்கிட்டேன்னு உனக்குக் கதை சொல்லுவேனே. தூங்கலம்மா. ஒரு பாறை என் மூஞ்சிக்கு மேல ஒரு சாண் உயரத்துல நின்னுது. எப்ப இறங்கும்னு அதையே பாத்துக்கிட்டுக் கிடந்தேன்."

ஐரீன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நேத்து அந்த இரும்புக் கை என் மூஞ்சிக்கு மேல திரும்பி வந்துச்சு. அழுதுட்டேன். எனக்கும் டாக்டருக்கும் நடுவுல தொங்கின துணியை அந்தப் பொண்ணுதான் விலக்கிப் பாத்துச்சு. உடனே நிறுத்திட்டு, சக்கரம் இறுகிடுச்சுன்னு எல்லாருக்கும் கேக்கறாப்புல சொல்லிச்சு. நடுக்கம் நிக்கிறவரைக்கும் துணிக்கு அடியில என் கையைப் பிடிச்சுக்கிட்டிருந்துச்சு."



"இதை என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேப்பா அவங்க."

"உன்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னுதான் சத்தியம் வாங்கினேன். எம் பொண்ணுக்கு அவ அப்பன் எதுக்கும் பயப்படாதவன், அது அப்படியே இருக்கட்டும்னு."