பிஸ்கட்டுக்கு நல்லடக்கம்

"தூக்கலாம்னு கையை நீட்டினேன். அவ்வளவுதான், வாயைப் பிளந்து மல்லாந்துட்டான்." நேற்று வாங்கி, பிஸ்கட் என்று பேர் வைத்த பாம்பை டப்பாவோடு நீட்டினாள் லொரெய்ன். உள்ளே பிஸ்கட் நாக்குத் தொங்க, நாற்றமடிக்கக் கிடந்தது.

ஒமாஹாவில் பாம்புக்கடை வைத்திருக்கும் வெண்டல் தொப்பியைக் கழற்றினார். "மனசைத் தேத்திக்கங்க. கொல்லைப்பக்கம் ஓக் மரத்தடியில நானே அடக்கம் பண்ணிடறேன்."

"பூ வாங்கி வைங்க." இருபது டாலரைக் கொடுத்துவிட்டு விம்மியபடி போனாள்.

கார் மறையும்வரை தலைகுனிந்து நின்ற வெண்டல், பாம்பைக் குப்புறப் புரட்டிப் போட்டார். அது சட்டென்று மறுபடி மல்லாந்து, மறக்காமல் நாக்கையும் தொங்கவிட்டது.

"போதும்டா, அவங்க போயாச்சு. இந்த மாசத்துல இது உனக்கு நாலாவது சாவு. எந்திரி, பதினோரு மணிக்கு உன்னை வாங்க ஆள் வருது."