சத்தம் போதாத இஞ்சின்

துருப்பிடித்த திருகு அசையவில்லை.

இடுப்பளவு ஆற்றில் நின்றுகொண்டு, வள்ளத்தின் பின்பலகையைக் கவ்வியிருந்த பழைய இஞ்சினோடு அவர் மல்லுக்கட்டினார். மண்ணெண்ணெய் ஊற்றினார். சுத்தியலால் தட்டினார். சொல்லக்கூடாத வார்த்தைகளையும் சொல்லிப் பார்த்தார்.

கரையில் அவள், அவர் மனைவி.

"பழசுக்கு இப்ப என்ன வந்துட்டாம்?"

எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த இஞ்சினைக் கடல் கொண்டுபோகாதா என்று வருடக்கணக்காகக் கரித்துக்கொட்டியவளே அவள்தான். அதன் சைலன்சர் எப்போதோ போய்விட்டது. வள்ளம் ஆற்று முக்கில் திரும்பும்போதே மாதா கோவில் வரை கேட்கும். தொட்டிலில் பிள்ளைகள் வீறிட்டு எழும். ஒரு சைலன்சர் வாங்கி மாட்டச் சொன்னால் அவர் எரிந்து விழுவார்.

போன வாரம் அது நடுக்கடலில் நின்றே விட்டது. வேறொரு வள்ளம் கட்டி இழுத்து வந்து சேர்த்தது. அதற்கு மேல் வீம்பு பிடிக்க அவருக்கு வழியில்லை.

"நடுக்கடல்ல நின்ன சனியனுக்குச் சாம்பிராணியா போடச் சொல்லுத? தள்ளிப் போளா!"

அவள் தள்ளிப் போகவில்லை.

திருகு ஒருவழியாக உடைந்து வந்தது. கூடவே பின்பலகையில் ஒரு துண்டும் பெயர்ந்து வந்தது. அதற்குப் புதுப் பலகை வைத்து அறைந்தார். புது இஞ்சினை நாலு பேர் தூக்கி மாட்டினார்கள். வெள்ளை வெளேரென்று, கிழவனுக்குப் பல்செட்டு கட்டியதுபோல் இருந்தது.

கயிற்றை இழுத்தார்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எப்ப ஓடும்?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஓடிக்கிட்டுத்தான்வே இருக்கு!"

அவள் தலையில் கைவைத்துக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

காரணம் தெரு முழுக்கத் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது என்று நினைத்திருந்தோம்.

அவளுக்கு ஓர் அண்ணன், செலஸ்டின். இவர்கள் மகளின் நிச்சயதார்த்தத்தில், பந்தலில் அத்தனை பேர் முன்னால், கறிக்குழம்பில் உப்பில்லை என்று சொல்லிவிட்டார். உப்புப் போட்டது இவர். இனி என் வாசலை மிதிக்காதே என்றார். அன்றோடு பேச்சு முடிந்தது.

பிறகு செலஸ்டினின் மனைவி இறந்துபோனாள். அந்த மனிதருக்கு வெந்நீர் போடத் தெரியாது. காலையில் டீயும் பன்னும், இரவில் வெறும் வயிற்றோடு படுக்கை. தங்கச்சி பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாளா? இவர் கடலில் இருக்கும் மதியங்களில் அவருக்கு அவளிடம்தான் சோறு. நாளுக்கு அந்த ஒருவேளைதான்.

ஆற்று முக்கில் பழைய இஞ்சின் அலறியதும் செலஸ்டின் கை கழுவுவார். மிதிக்கக்கூடாத அதே வாசலை மிதித்துக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவார்.

இனி எதைக் கேட்டு எழுந்திருப்பது?

முதல் நாளே அது நடந்தது.

நான் பக்கத்துக் கொல்லையில், கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். காயாத துணிதான். அதை விடுங்கள்.

வள்ளம் வந்ததே தெரியவில்லை. மீன்கூடையோடு அவர் கொல்லைக் கதவுவரை வந்துவிட்டார். உள்ளே செலஸ்டினின் முதுகு. வாளைமீன் குழம்பின் வாசம். சோற்றைப் பிசைகிற கை. அவள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள்.

கூடை பறக்கும், தட்டு பறக்கும் என்று காத்திருந்தேன்.

அவர் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டார். திரும்பிக்கூடப் பார்க்காமல், வந்த தடத்திலேயே பின்னால் பின்னால் நடந்துபோய் வள்ளத்தில் ஏறி உட்கார்ந்தார்.

கொளுத்துகிற வெயிலில்.

செலஸ்டின் சாப்பிட்டுப் போகிறவரை.

மறுநாள் மதியம் ஆற்று முக்கில் டமடமவென்று ஒரே சத்தம். தெருவே கரைக்கு ஓடியது.

ஒரு கை இஞ்சினில். இன்னொரு கையில் விறகுக்கட்டை. தண்ணீர் இறைக்கிற தகர டப்பாவை முழங்கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு அடித்தபடியே வந்தார். முகத்தில் அப்படி ஓர் எரிச்சல்.

வாசல் பக்கம் எட்டிப் பார்க்கப் போனவர்கள் திரும்பி வந்து உதட்டைப் பிதுக்கினார்கள். செலஸ்டின் இன்னும் தெருவில் இறங்கவில்லை.

இன்னும் பலமாக அடித்தார். டப்பா நெளிந்தது. நாய்கள் குரைத்தன.

கொல்லைக் கதவு திறந்தது. அவள் மட்டும் வந்தாள். கையில் சோற்றுக் கரண்டி.

"கேக்கு, கேக்கு. எங்களுக்கு என்ன காதா செவிடு? அண்ணன் எந்திரிக்க மாட்டேங்காவ. ஒங்களுக்கும் சேத்துப் போட்டாச்சு. ஆறிப்போவுது."

அவர் அடிப்பதை நிறுத்தினார்.

கட்டையை டப்பாவுக்குள் போட்டார். அவளைப் பார்க்கவில்லை. எங்களையும் பார்க்கவில்லை. வள்ளம் கரைக்கு ஓர் ஆள் நீளம் தள்ளி, அசைந்தும் அசையாமலும் நின்றது.

நாங்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றோம்.

இஞ்சினை அணைத்துவிட்டாரா, இன்னும் ஓடுகிறதா, ஓர் எழவும் கேட்கவில்லை.